தோன்றா எழுவாய்: இளம்பருவக் கர்ப்பத்தின் மொழியில் ஆணின் இடம்

1

‘புள்ள கெட்டுப் போயிட்டா.’ ‘வயித்துல வாங்கிக்கிட்டா.’ ‘முழுகாம இருக்காளாமா.’ ஆனைமலை வட்டாரத்தில் பதினாறு பதினேழு வயதுப் பெண்ணொருத்தி கருவுற்ற சேதி பெரும்பாலும் இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றாகத்தான் ஊருக்குள் இறங்குகிறது. மூன்றிலும் செயல் நடந்து முடிந்திருக்கிறது, செய்தவன் இல்லை. தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒரு வசதி உண்டு. ‘வந்தான்’ என்றாலே போதும், யார் என்று சொல்லாவிட்டாலும் ஆண், ஒருவன், படர்க்கை என்று விகுதி காட்டிக்கொடுத்துவிடும். மேற்சொன்ன வாக்கியங்களில் விகுதி முழுக்கப் பெண்பால். ஆக, இந்தப் பேச்சில் அவன் தோன்றா எழுவாயாகக்கூட இல்லை.

‘கெடு’ என்ற வினை தன்வினையாகும்போது பெண்ணின் விதியாகிறது, பிறவினையாகும்போது ஆணின் செயலாகிறது. ‘கெடுத்தான்’ என்ற சொல் நம்மிடம் இல்லாமலில்லை. அது எப்போது வெளியே எடுக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. கல்யாணப் பேச்சு முறிந்தபிறகு எடுக்கப்படுகிறது. பையன் வேறு சாதி என்று தெரிந்த நொடியில் எடுக்கப்படுகிறது. அதுவரை ‘கெட்டுப் போனாள்’தான். தன்வினையும் பிறவினையும் இலக்கணப் பாகுபாடு மட்டுமல்ல. அதிகாரம் தன் தேவைக்கேற்ப மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் சட்டையும்கூட.

அரசின் மொழி ஊர்மொழியைவிட நாகரிகமானது. ‘இளம்வயதுக் கர்ப்பம்’ என்கிறது. ஆனால் அதுவும் எழுவாயற்ற தொடர்தான். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் தாயாகியோ கருவுற்றோ இருந்ததாகச் சொல்கிறது. 20–24 வயதுப் பெண்களில் 18க்கு முன் மணமானவர்கள் இந்திய அளவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். இந்தச் சதவீதங்களில் எண்ணப்படும் அலகு பெண்ணுடல். கருவுக்குக் காரணமானவன் 18 வயதுப் பையனா, 35 வயது மேஸ்திரியா, தாய்மாமனா என்பதை அந்த 6.8 என்ற எண் சொல்லாது. நெடுங்காலமாகப் புழங்கிவந்த பிறப்பறிக்கைப் படிவத்தைப் பாருங்கள். தாயின் வயதை இரண்டு முறை கேட்கும்: கல்யாணத்தின்போது எத்தனை, இந்தப் பிரசவத்தின்போது எத்தனை என்று. தகப்பனின் பெயர், படிப்பு, தொழில் கேட்கும். வயது கேட்காது. ஒரு சமூகம் எதை அறிய விரும்பவில்லை என்பதை அதன் படிவங்களில் இல்லாத கட்டங்களே சொல்லிவிடுகின்றன.

2

இந்த இல்லாமை நேற்று வந்ததல்ல. நம் அகமரபைக் காதலின் பொற்காலமாகப் படிக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் பார்க்கலாம். களவு என்ற ஏற்பாட்டின் மையத்தில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. சாட்சி கிடையாது. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் பெண்ணின் கவலை பிரிவுத்துயர் அல்ல. அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதே அவள் கவலை. அவன் அவளைக் கூடிய பொழுதில் அங்கே இருந்தது ஒரு குருகு. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. இயற்கை வருணனை என்று வகுப்பறையில் சொல்லித்தரப்படும் இந்தப் பறவை, உண்மையில் பேசாத சாட்சி. தன் சோலியைப் பார்க்கிற சாட்சி. இன்றைய நம் ஊர்களில் அந்தக் குருகின் இடத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதை வாசகர்களே நிரப்பிக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்நிலையில் அகநானூற்றின் 256ஆம் பாடல் இருக்கிறது. கள்ளூர் என்ற ஊரில் ஒருவன் இளம்பெண்ணொருத்தியின் நலத்தை நுகர்ந்துவிட்டு, அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைக்கிறான். அவை கூடுகிறது. கரி, அதாவது சாட்சி, விசாரிக்கப்படுகிறது. பொய் நிரூபணமானதும் அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். ஊர் ஆர்ப்பரிக்கிறது. அந்தப் பெண்ணைப் பாடல் குறுமகள் என்கிறது. வயதைச் சொல்லும் சொல் அது. நமக்குத் தெரிந்து தமிழில் ‘அவன் யார்’ என்று பொது அவை கேட்டு விடைபெற்ற பழைய ஆவணங்களில் இது ஒன்று. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்தச் சம்பவம் பாடலின் பொருள் அல்ல, ஓர் உவமைதான். வேறொரு தலைவனின் பரத்தை உறவு பற்றிய ஊர்ப்பேச்சு எவ்வளவு பெரிது என்று காட்டக் கள்ளூரின் ஆரவாரம் எடுத்தாளப்படுகிறது. இரண்டாவது, நீறு கொட்டப்பட்டபின் அந்தக் குறுமகள் என்ன ஆனாள் என்று பாடல் சொல்வதில்லை. தண்டனையின் காட்சி முழுமையாக இருக்கிறது. பெண்ணின் பின்னாள் இல்லை.

தொல்காப்பியம் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு வைத்தது. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே திருமணச் சடங்கு கட்டமைக்கப்பட்டது என்கிறது கற்பியல். பொய் என்பது செய்ததை மறைத்தல், வழு என்பது செய்ததில் நிலைநில்லாமை என்று உரைவிளக்கம். இரண்டும் ஆணின் குற்றங்கள். ஆணின் குற்றத்துக்கு மருந்தாகக் கண்டுபிடிக்கப்பட்ட கரணம், நடைமுறையில் பெண்ணைக் கட்டும் கயிறாக முடிந்தது. கற்பு என்ற சொல் எவர் தலையில் வந்து விடிந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் போதும். சிலம்பில் கண்ணகிக்குப் பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. ‘குடி அரசு’ பக்கங்களில் பெரியார் கற்பை இரு பாலுக்கும் பொதுவாக்கு, இல்லையேல் விட்டொழி என்று வாதிட்டபோது அவர் கைவைத்தது இந்த முடிச்சில்தான். அதே காலத்தில் அவர் கர்ப்பத்தடையை உடல்நலப் பிரச்சினையாக அல்லாமல் பெண்விடுதலைப் பிரச்சினையாக வைத்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்றைக்கும் ஊர்ப்பெரியவர்கள் கூடினால் முதல் கேள்வி ‘யாருடா அவன்?’, அடுத்த கேள்வி ‘கட்டிக்கறானாமா?’. கட்டிக்கறேன் என்றால் சோலி முடிந்தது. அந்த ஒற்றை வார்த்தையில் பொய்யும் வழுவும் கழுவப்பட்டுவிடும். கெடுத்தவன் மாப்பிள்ளை ஆகிவிடுவான். ‘ஏங்கண்ணு, நீ என்ன நெனைக்கறே?’ என்ற மூன்றாவது கேள்வி அந்தத் திண்ணையில் எழுவதில்லை.

3

நவீன இலக்கியம் என்ன செய்தது? 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ பற்றி அன்றைக்குக் கிளம்பிய சண்டையெல்லாம் அந்தத் தாய் செய்தது சரியா என்பதைச் சுற்றித்தான். கார்க்காரன் ஒருவனால் சூறையாடப்பட்டு வரும் கல்லூரி மாணவியின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அது முற்போக்குதான். மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கதையில் அவனுக்குப் பெயர் இல்லை. கார் இருக்கிறது, பெயர் இல்லை. கள்ளூரில் அவன் தலையில் நீறு விழுந்தது. இங்கே அவள் தலையில் நீர் விழுகிறது. கழுவப்பட வேண்டியது அவளுடல் என்ற அனுமானத்தைக் கதையின் கருணை தொடவேயில்லை.

பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அவனுக்கு பிரபு என்று பெயர் கிடைக்கிறது. பெயரோடு சேர்ந்து குடும்பம், குடி, தனிமை, பலவீனம் எல்லாம் வருகின்றன. வாசகன் அவன்மேல் இரக்கப்படத் தொடங்குகிறான். நம் கதையாடலில் ஆண் இரண்டு விதமாகத்தான் இருக்க முடிகிறது: பெயரில்லாத நிழலாக, அல்லது பெயர் பெற்றதும் பரிதாபத்துக்குரியவனாக. பொறுப்புள்ள தன்னிலையாக அவனை எழுதுவதற்கு நம்மிடம் இன்னும் மொழி கூடிவரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

கொங்கில் இதன் இன்னொரு முகத்தையும் பார்த்தோம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) மீது 2014–15இல் எழுந்த கலவரம் எதைப் பற்றியது? குழந்தையில்லாத பெண்ணொருத்தி திருவிழா இரவில் முன்பின் தெரியாத ஆணிடம் கருத்தரிக்கலாம் என்ற புனைவைப் பற்றியது. தகப்பன் பெயரில்லாத ஒரு கற்பனைக் குழந்தையைத் தாங்க முடியாத ஊர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் தகப்பன் பெயர் சொல்லப்படாமல் நிற்கும் நிஜப் பெண்பிள்ளைகளைப் பார்த்து அமைதியாக இருந்துகொள்கின்றன. பிரச்சினை தகப்பனின் பெயரின்மை அல்ல. பெண் தானாக ஒரு முடிவெடுத்தாள் என்பதே. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளன் பக்கம் நின்றது. ஊர் எந்தப் பக்கம் நின்றது என்பதும் நமக்குத் தெரியும்.

4

எழுவாயை மீட்டுக்கொடுத்தது சட்டம்தான் என்று சொல்லலாம். 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் சம்மதமே அல்ல என்றது. அதற்கு முன் எல்லை 16ஆக இருந்தது. சட்டத்தின் 5ஆம் பிரிவு, சிறுமியைக் கருவுறச் செய்வதைக் கடுங்குற்றமாக வகைப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்ச தண்டனை 20 ஆண்டு. 19ஆம் பிரிவு, தெரிந்தவர் எவரும் புகார் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை. 2017 அக்டோபரில் உச்சநீதிமன்றம், 18 வயது நிரம்பாத மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்ச்சியே என்றது. ‘கட்டிக்கறேன்’ என்ற பழைய மந்திரம் சட்டப்படி செல்லாக்காசானது. இது சிறிய காரியம் அல்ல. பெற்ற தகப்பனும் உறவுக்காரனும் முதலாளியும் செய்த கொடுமைகள் பல இந்தச் சட்டத்தால் கூண்டேறின.

ஆனால் சட்டம் தந்த எழுவாய் ஒற்றை எழுவாய். 19 வயதுக் காதலனும் 45 வயதுப் பண்ணையக்காரரும் அதன் இலக்கணத்தில் ஒரே ‘அவன்’. இதன் விளைவு விபரீதமாகிறது. கர்ப்பிணிப் பதிவுக்கு ஆதார் கேட்பார்கள், வயது தெரிந்துவிடும், வயது தெரிந்தால் காவல்நிலையம். ஆகவே பெண் மருத்துவமனைக்கு வராமல் ஒளிகிறாள், அல்லது ஒளிக்கப்படுகிறாள். ரத்தசோகை பார்க்கப்படாது, ஸ்கேன் நடக்காது. கலைக்க வேண்டுமானால் கலைக்கலாம் என்ற காலமும் தாண்டிப்போகும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 19 வயது நிரம்பியவருக்குத்தான். யாருக்குப் பிரசவம் அதிக ஆபத்தானதோ அவள் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறாள். நவீன அதிகாரம் பாலியலை ஒடுக்குவதைவிட அதைப் பேசவைப்பதில்தான் இயங்குகிறது என்று மிஷேல் ஃபூக்கோ எழுதினார். இங்கே பேசவைக்கப்படுவது அவள்: எப்போது, எங்கே, எத்தனை முறை என்று செவிலியர் முன், குழந்தைகள் நலக் குழு முன், மகளிர் காவல் நிலையத்தில், நடுவர் முன். அதே வாக்குமூலம் மீண்டும் மீண்டும்.

நீதிமன்றங்களுக்கே இது உறுத்தியிருக்கிறது. நாமக்கல் பகுதியிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம், 16க்கு மேற்பட்டவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவைப் போக்சோவிலிருந்து விலக்குவது பற்றி யோசிக்கலாம் என்றது. 2021 ஜனவரியில் இன்னொரு வழக்கை ரத்துசெய்தபோது, வளரிளம் பருவத்துக் காதலில் பையனைக் குற்றவாளியாக்குவது சட்டத்தின் நோக்கமல்ல என்றது. 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தம் புகாரில் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. 2023இல் சட்ட ஆணையம் சம்மத வயதைக் குறைக்க மறுத்தது. 16–18 வயதினர் வழக்குகளில் நீதிபதிக்கு வழிகாட்டப்பட்ட விருப்புரிமை இருக்கலாம் என்றது. இவற்றையெல்லாம் செயல்பாட்டாளர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பாமல் தடுக்க 2022 தீர்ப்பு ஒன்றே பல நேரம் போதும்.

‘காதல்’ என்ற சொல்லிலும் ஒரு கண் வேண்டும். மேற்கு வங்க வழக்கொன்றில் 2023 அக்டோபரில் கல்கத்தா உயர்நீதிமன்றம், வளரிளம் பெண்கள் தம் பாலுணர்வைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று உபதேசித்து, தண்டிக்கப்பட்டவனை விடுவித்தது. அந்தப் பெண் சம்பவத்தின்போது 14 வயதுக்காரி. அவன் அவளைவிடப் பல ஆண்டுகள் மூத்தவன். 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அந்த உபதேசத்தைக் கண்டித்துக் குற்றத்தீர்ப்பை மீட்டது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம் அவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்காமல் விட்டது. குற்றத்தைவிட அதற்குப்பின் நடந்த சட்ட நடவடிக்கைகளே அவளை அதிகம் வதைத்தன என்ற காரணத்தால். சமூகமும் சட்டமும் குடும்பமும் கைவிட்ட ஒருத்திக்கு எஞ்சியிருந்த தேர்வு அவன் மட்டும்தான் என்றால், அது தேர்வு என்ற சொல்லுக்குத் தகுமா?

5

எந்த ஆண்? இதைக் கேட்காத பெண்ணியமும் சரி, சட்டமும் சரி, கொங்கு மண்ணில் சாதியின் கைக்கருவியாக மாறிவிடும் ஆபத்து உண்டு.

தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் நார் மில்லும் நூல் மில்லும் சூழ்ந்த வட்டாரம் இது. கூலிக்குப் போகும் பெண்பிள்ளைக்கும் தோட்டத்துச் சாளைக்காரர் வீட்டு ஆணுக்கும் இடையில் நடப்பது ஊர்ப்பேச்சில் ‘சமாதானம்’ ஆகிறது. ஏதோ ஒரு தொகை கைமாறும். பெண்ணை வேறெங்காவது ‘தாட்டி உட்டு’விடுவார்கள். அங்கே யாரும் போக்சோ என்று உச்சரிப்பதில்லை. அதே வட்டாரத்தில் ஆதிக்கசாதிப் பெண்ணும் தலித் பையனும் சேர்ந்து போய்விட்டால், ‘நாடகக் காதல்’ என்ற முத்திரை முதலில் விழும், பெண்ணுக்கு 18க்கு ஒரு மாதம் குறைந்தாலும் சட்டப்புத்தகம் உடனே திறக்கும். 18 கடந்திருந்தால் அரிவாள் வரும். 2015 ஜூனில் கோகுல்ராஜ் கொல்லப்பட்டதும் 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகே சங்கர் வெட்டப்பட்டதும் இந்த மண்ணில்தான். முதலாமவன் செய்த ‘குற்றம்’ வேற்றுச்சாதித் தோழியோடு பேசியது. ஆணின் குற்றத்தை அளக்கும் தராசு அவன் செய்கையை அளப்பதில்லை, சாதியை அளக்கிறது.

மலைக்கு வந்தால் சித்திரம் இன்னும் மாறும். வயநாட்டில் பணியர் இளைஞர்கள் பலர், தம் வழக்கப்படி இணைந்து வாழ்ந்ததற்காகப் போக்சோவில் சிறையிலடைக்கப்பட்டது 2010களின் நடுவில் செய்தியானது. குலத்தார் ஒப்புக்கொண்ட இணைவை எந்தச் சட்டமொழியில் விளக்குவது என்று தெரியாத, வழக்கறிஞர் வைக்க வழியில்லாத ஆண்கள். அதற்காக ‘அது அவங்க பழக்கம்ங்க’ என்று கைகழுவுவதும் சரியல்ல. பழக்கம் என்ற பெயரில் பதினைந்து வயது உடல் பிரசவத்தைத் தாங்கிவிடாது. கீழ்நாட்டு ஒப்பந்தக்காரனும் வனத்துக்கு வேலையாக வந்துபோகிறவனும் மலைப்பெண்களிடம் நடந்துகொள்வதும் பழக்கத்தின் கணக்கில் வராது.

ஆகவே ‘ஆண்’ என்ற ஒற்றைச் சொல்லை நாலாகப் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அவளுக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் எவ்வளவு? அவள் கூலி அவன் கையில் இருக்கிறதா? அவன் சாதிக்கு ஊரில் என்ன பலம்? அவள் உறங்கும் வீட்டிலேயே அவனும் இருக்கிறானா? இந்த நான்குக்கும் விடை தெரிந்த பிறகே அது காதலா, சுரண்டலா, வன்முறையா என்று பேசத் தகுதி வருகிறது. சம வயது, சம நிலை என்றால் பையனும் நம் கவலைக்குரியவன்தான். அவனும் பள்ளியிலிருந்து நின்றவன், எட்டாயிரமோ பத்தாயிரமோ கூலிக்குப் போகிறவன், உடலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லித்தராதவன். அவனுக்குப் பாடம் நடத்தியது கைபேசித் திரை. 2019இல் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கில் அந்தத் திரையே ஆயுதமாக இருந்ததைக் கண்டோம். 2025 மே 13இல் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விழுந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் பெண்பிள்ளைகளை எப்படி அடக்கி வைப்பது என்று பேசிய அளவில் பத்தில் ஒரு பங்காவது பையன்களை எப்படி வளர்ப்பது என்று பேசினோமா?

6

பொறுப்பு என்ற சொல்லுக்கு நாம் இதுவரை இரண்டே அர்த்தம் வைத்திருக்கிறோம்: தாலி, அல்லது ஜெயில். இரண்டுமே ஆணை ஒரே நாளில் விடுவித்துவிடுகின்றன. தாலி கட்டியவன் மேற்கொண்டு கேள்வியில்லாத கணவனாகிறான். ஜெயிலுக்குப் போனவன் குழந்தையின் பால்மாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது அர்த்தம் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கும் தகப்பன் பராமரிப்புச் செலவு தர வேண்டும் என்று முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும் சொல்கின்றன. பெண் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை, அவன் கடன் தீரவும் தீராது. பஞ்சாயத்துத் திண்ணையில் இந்தப் பிரிவைச் சொல்லும் ஒரு தோழர் இருந்தால் பேச்சின் திசையே மாறும்.

கருத்தடையும் பொறுப்பின் பகுதிதான். அதே ஐந்தாவது கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பெண்கள் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண்கள் அறுவை 0.3 சதவீதம். மணமான பெரியவர்களிடையே இதுதான் லட்சணம் என்றால், பதினெட்டு வயதுப் பையன் உறையைத் தன் வேலையாக எங்கிருந்து கற்றுக்கொள்வான்?

பெண்ணின் விருப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆணைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆவேசத்தில் அவளை முழுக்கச் செயப்படுபொருளாக்கிவிடும் அபாயம் இருக்கிறது. எழுவாய் ஆண், பயனிலை கெடுத்தான், செயப்படுபொருள் அவள் என்று வாக்கியத்தை முடித்துவிட்டால், அவளும் ஆசைப்பட்டிருக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம், ஆசைப்பட்டு ஏமாந்துமிருக்கலாம் என்ற சாத்தியங்கள் எல்லாம் அடைபடும். கபிலரின் பெண் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறாள்: அவனோடு கூடியதையும், அவனைக் கள்வன் என்பதையும். அந்த இரட்டைத்தன்மையைத் தாங்கும் மொழி இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இருந்தது. நம் வழக்குரையிலும் நம் கதைகளிலும் அது தொலைந்திருக்கிறது.

ஆனைமலையின் மாசாணியம்மனைப் பற்றி ஊரில் சொல்லும் கதை, ஆற்றில் மிதந்துவந்த மாங்காயைத் தின்றதற்காக நன்னனால் கொல்லப்பட்ட பெண்ணின் கதை. குறுந்தொகையில் பரணர் அதைக் குறிக்கிறார். எண்பத்தொரு யானையும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருகிறோம் என்றும் நன்னன் இறங்கவில்லை. அவன் பெயர் பெண்கொலை செய்தவனாக நிலைத்தது. அவளுக்குப் பாட்டில் பெயரில்லை. ஊர்தான் பெயர் கொடுத்து, படுத்த கோலத்தில் தெய்வமாக்கிற்று. அந்தக் கோயிலின் நீதிக்கல்லில் இன்றும் பெண்கள் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். அதை மூடநம்பிக்கை என்று நம்மில் சிலர் எளிதாகத் தாண்டிப்போகலாம். ஆனால் புகார் கொடுக்கும் பெண்ணை யாரும் வயது கேட்காத, சாதி கேட்காத, எத்தனை முறை என்று கேட்காத ஓர் இடத்தை அவர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கிறார்கள். சுகாதார நிலையத்தையும் காவல்நிலையத்தையும் இயக்க அலுவலகத்தையும் அப்படிப்பட்ட இடமாக ஆக்க முடியாத வரை, மிளகாய் அரைபட்டுக்கொண்டுதான் இருக்கும்.

எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அவள் கதையை நிறைய எழுதிவிட்டோம். இனி அவனை எழுவாயாக வைத்து, நிழலாகவும் இல்லாமல் பரிதாபமாகவும் இல்லாமல், ஒரு வாக்கியம் எழுதிப் பார்ப்போம். அந்த வாக்கியத்தின் பயனிலை என்னவாக இருக்கும் என்பதில் நம் எல்லோருடைய அரசியலும் தெரிந்துவிடும்.